காளிக்குக் கண் திறந்தது யார்?

நாமகிரிப்பேட்டைப் பழைய கச்சேரி மண்டபம் பாளையக்காரர் காலத்தது. அவர்களுக்குப் பிறகு வௌவால்களும், மிட்டாதார் சின்னுசாமிக் கவுண்டரின் புளி மூட்டைகளும் அதை ஆண்டு வந்தன. போன தை மாதம் மூட்டைகளை வெளியேற்றிச் சுண்ணாம்பு அடித்து, 'பொதுஜன கலா மண்டபம்' என்று பலகை மாட்டினார் கவுண்டர். ஊரில் யார் வேண்டுமானாலும் அங்கே வந்து படம் எழுதலாம், பொம்மை செய்யலாம்.

கவுண்டருக்குக் கலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவருக்கு வேண்டியது ராவ் பகதூர் பட்டம். அதற்குச் சிபாரிசு செய்யவேண்டிய கலெக்டர் துரையின் மனைவிக்கோ கலை என்றால் உயிர்.

அங்கே செய்தவற்றின் கண்காட்சியைத் துரை திறந்துவைப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாளே துரைசாணி வந்துவிட்டார். குயவர் பச்சமுத்து செய்திருந்த ஆளுயரக் காளி சிலையைப் பார்த்ததும், பங்களா முகப்பில் வைக்க அது வேண்டும் என்றார். கவுண்டர் அந்த நிமிஷமே கொடுத்துவிட்டார். செய்தவரைக் கேட்டது அதற்கப்புறம்தான்.

"கண்ணு தொறக்காத வரைக்கும் வெறும் மண்ணுதானுங்க சாமி, கொண்டு போகட்டும்," என்றார் பச்சமுத்து. "கண்ணத் தொறந்துட்டா ஆத்தா வந்துருவா. அப்புறம் இருக்கற எடத்த உட்டு நவுத்தக்கூடாதுங்க."

சொன்னாரே தவிர, அவருக்குக் கொடுக்க மனசில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் காலை மண்டபத்தைப் பெருக்க வந்த அத்தாயி துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தெருவில் ஓடினாள். காளிக்குக் கண் திறந்திருந்தது. கறுப்புச் சாயத்தில் இரண்டு பெரிய விழிகள். யாரோ இரவோடு இரவாகத் திறந்துவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு.

வெயில் ஏறுவதற்குள் மண்டபம் கோயிலாகிவிட்டது. உள்ளே கற்பூரம், வாசலில் பொங்கல் பானை, ஒரு கிடா. சிலையை ஏற்றிப்போக வந்த வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துவிட்டுத் தானும் விழுந்து கும்பிட்டார்.

கவுண்டர் தலையில் அடித்துக்கொண்டார். பட்டம் போயிற்றே! பச்சமுத்துவைத் தவிர யாருக்கு இந்தத் துணிச்சல் வரும்? ஏட்டு குழந்தைவேல் அவரைப் பிடித்து வந்து தூணில் கட்டினார்.

"நான் தொறக்கலீங்க. தொறக்கறதுன்னா வெரதம் இருக்கோணும், கோழி அறுக்கோணும். ஆத்தா மேல சத்தியமுங்க."

ஏட்டு நம்பவில்லை; இரண்டு அறை வைத்தார். ஊராரும் நம்பவில்லை, கட்டிப்போட்டிருந்த மனிதருக்கு மாலை போட்டார்கள்.

துரையின் மோட்டார் வந்து நின்றது. கவுண்டர் குனிந்தபடியே நடந்ததைச் சொன்னார். தன் மனைவிக்குக் கொடுத்த சிலையில் கைவைத்தவன் யாராயிருந்தாலும் ஆறு மாதம் உள்ளே தள்ளுவேன் என்று துரை உறுமினார். கோபம் தன் மேல் இல்லை என்றதும் கவுண்டருக்கு மூச்சு வந்தது.

"ஆமாங்க தொரை, யாரா இருந்தாலும் உடப்படாதுங்க," என்றார்.

அதற்குள் துரைசாணி சிலையையும், அதைச் சுற்றி நின்று கும்பிடும் கூட்டத்தையும் பார்த்துவிட்டார். முகமெல்லாம் பூரிக்க, முன்ஷியிடம் படித்த தமிழில் கவுண்டரிடம் சொன்னார்:

"பாவம், அந்த ஆள் கண் எழுத மறந்துவிட்டார், நேற்று நீங்கள் எல்லாரும் காப்பி குடிக்கப் போனபோது நான்தான் எழுதினேன்."