பூட்டிய தோல்பெட்டி

"பூட்ட உடைச்சா விலை கம்மியாயிடும் மேடம். லண்டன் பூட்டு. அதான் கை வெக்கல" என்றார் பழம்பொருள் கடைக்காரர் அஸ்பாக்.

கவிநிலா பெட்டியைத் தூக்கி லேசாக ஆட்டினாள். உள்ளே என்னவோ நகர்ந்தது.

அது அவள் அப்பாவின் பெட்டி. எஸ்டேட் துரை ஒருவர் ஊரைவிட்டுக் கிளம்பியபோது தாத்தா வாங்கியது. தேன் நிறத் தோல், பித்தளை மூலைகள். வீட்டில் வேறு யாரையும் அப்பா அதைத் தொட விட்டதில்லை.

போன ஐப்பசியில் அதை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போனார்.

நேற்று இந்தக் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அதன் படத்தைப் பார்த்தாள். விடிந்ததும் திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறினாள்.

ரமணாசிரமத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் கேட்பாரில்லாமல் கிடந்ததாம். "வெச்சுட்டுப் போன பெரியவரு திரும்பி வரவேயில்லன்னு சொன்னாங்க."

ஊரில் சொந்தக்காரர்கள், அம்மா இன்னும் பொட்டு வைத்துக்கொள்வதைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

பெட்டிக்குச் சாவி இரண்டு. வீட்டில் இருந்ததைக் கொண்டுவந்திருந்தாள்.

பூட்டு உடனே திறந்துகொண்டது.

மேலாக அப்பாவின் கண்ணாடிக் கூடு கிடந்தது.

அவள் கை நின்றுவிட்டது. கண்ணாடி இல்லாமல் அப்பாவால் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியாது.

கூட்டைத் திறந்தாள். காலி.

அடியில் பெல்ட். செருப்பு. கைக்கடிகாரத்தின் வார், கடிகாரத்தை மட்டும் கழற்றி எடுத்திருந்தது. துணி ஒன்றுகூட இல்லை.

அஸ்பாக் எட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எல்லாமே தோலு! இங்க மலையடிவாரத்துல வந்து உக்கார்றவங்கள்ல சில பேரு தோல் தொட மாட்டாங்க மேடம். பொட்டியும் தோலாச்சே, அதையும் சேத்து வுட்டுட்டாரு. ஆளு இங்கதான் எங்கியாவது இருப்பாரு."

விற்பனைக்கு வைத்திருந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். அவர் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

மூச்சு இப்போதுதான் முழுதாக வந்தது.

மூலையில் ஒரு பர்ஸும் கிடந்தது. விரித்தாள். ஏடிஎம் கார்டு அப்படியே இருந்தது. பழைய பஸ் டிக்கெட்டுகள்கூட இருந்தன.

பிளாஸ்டிக் உறைக்குள் அவளுடைய பள்ளிக்கூட போட்டோ இருந்த இடத்தில் மட்டும், ஒரு வெளிறிய சதுரம்.