மீதி வாக்கியம்

பிள்ளைகளின் பேச்சை ஆராய வந்த லிடியா, சற்று முன்பு பதிந்ததைப் போட்டுக் காட்டுகிறாள். சின்னக் கருவிக்குள் ஐந்து வயது ஜோஸ்லின் கடலில் படகு போகும் படத்தைப் பார்த்து, "அப்பா... வள்ளம்..." என்று இழுக்கிறாள். அடுத்த சொல்லுக்கு மூச்செடுக்கும் சத்தம் கேட்கிறது. அதற்குள் அம்மா ரீனாவின் குரல் முந்திவிடுகிறது: "வள்ளத்துல போறாவ!" ஒவ்வொரு படத்துக்கும் இதே கதைதான். இத்தனை நாளும் ரீனா அதை உதவி என்றல்லவா நினைத்திருந்தாள்! "ஒங்க குத்தம்னு சொல்லலக்கா. இந்த ஒரு தடவ மிண்டாம இருங்க," என்கிறாள் லிடியா. ரீனா தோளில் கிடந்த துவர்த்துத் துண்டால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். லிடியா மறுபடி நீட்டிய அதே படத்தாள் ஜன்னல் வழியே வரும் கடல்காற்றில் படபடக்கிறது. "அப்பா... வள்ளம்..." ஜோஸ்லின் நிறுத்துகிறாள். படத்தை விட்டுவிட்டு எழுந்து வந்து, அம்மாவின் வாயிலிருந்து துவர்த்தை மெல்ல விலக்குகிறாள்.