சனிக்கிழமைப் பதிவு

‘பட்டாணி செவ்வாய்க்கிழமைகளில் நீச்சல் வகுப்பு முடிந்து நாலரை மணிக்குத் தனியாகவே நடந்து வருகிறாள்?’

கண்ணாடிக் கடை வேலைக்கு நடுவே, தன் வலைப்பூவில் வந்திருந்த பின்னூட்டத்தை அவர் இரண்டு தடவை படித்தார். போட்டவன் பெயர் ‘நிழல்’. கையிலிருந்த லென்ஸை மெஷினில் தாறுமாறாகத் தேய்த்துவிட்டார். யாருடைய கண்ணாடியோ, பாழ்.

பட்டாணி அவருடைய ஒரே மகள். பதின்மூன்று வயது. அந்தப் பெயர் வலைப்பூவுக்காக அவரே வைத்தது. ஒன்பது வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் ஒரு பதிவு. கண்ணாடிக் கடை அனுபவம், மழை, அரசியல் என்று என்னென்னவோ எழுதிப் பார்த்தார். ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மகளுக்குப் பல் விழுந்த கதையை எழுதினார், கூட்டம் அள்ளியது. அதிலிருந்து சரக்கு தீர்ந்த வாரமெல்லாம் மகள்தான் கைகொடுத்தாள். சரக்கு எல்லா வாரமும் தீர்ந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு நீச்சல் குளத்துக்கு ஓடினார்.

"ஏம்ப்பா இப்படி மூச்சு வாங்குது?" என்றாள் மகள், ஈரத் தலையோடு.

"சும்மாதான். வா."

வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பின்னால் வந்த சைக்கிள்காரன் முதல் தபால்காரர் வரை எல்லோர் முகத்திலும் நிழல் தெரிந்தது.

மறுநாள் அடுத்தது வந்தது.

‘வீட்டுச் சாவி செருப்பு ஸ்டாண்டில், பழைய ஷூவுக்குள் இருக்கிறது?’

மனைவியிடம் காட்டினார்.

"என்னங்க இது, வீட்டுக்குள்ள வந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கான்! போலீஸுக்குப் போலாம்."

"இரு. யாரோ தெரிஞ்சவன்தான். நானே கண்டுபிடிக்கிறேன்."

சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். லிஃப்டில் மாடி வீட்டுக்காரர், "பாப்பா நல்லா இருக்காளா?" என்று வழக்கம்போலக் கேட்டதற்கு, "எதுக்குக் கேக்கறீங்க?" என்று சீறினார். மனிதர் பாவம், தன் மாடி வரும்முன்பே இறங்கிப் போனார்.

வியாழக்கிழமை மூன்றாவது.

‘பயம் வந்தால் பட்டாணி இடது காதைத் திருகுவாள்? இருட்டில் தனியாகத் தூங்க மாட்டாள்?’

போனை மனைவியிடம் நீட்டினார்.

"இனி ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. கிளம்புங்க ஸ்டேஷனுக்கு" என்றாள் மனைவி.

அவர் செருப்பை மாட்டும்போது மகள் அறையிலிருந்து வந்தாள். கை இடது காதில் இருந்தது.

"போகாதீங்க. அது நான்தான்."

"எதும்மா?"

"நிழல்."

ஓங்கிய அவர் கையை மனைவி பிடித்துக்கொண்டாள்.

"விளையாட்டா இது? மூணு நாளா எனக்கு உயிரே இல்ல, தெரியுமா?"

"எனக்கு மூணு வருஷமா இல்லப்பா."

மகள் காதிலிருந்து கையை எடுத்தாள்.

"என்னைப் பத்தி எழுதாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? சிரிச்சே. கிளாஸ்ல எல்லாரும் பட்டாணின்னு கூப்பிடறாங்க, அதுகூடப் போகட்டும். நான் தனியா வர்ற நேரம், சாவி வைக்கிற இடம்... இதுல ஒண்ணாவது நானா எழுதினேனா? எல்லாம் உன் பதிவுல இருக்குப்பா. உன் வரியை அப்படியே எடுத்தேன். கடைசில ஒரு கேள்விக்குறி போட்டேன். அவ்வளவுதான்."

பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தார். வரிக்கு வரி அவருடையதே. சாவிக் கதைக்குக் கீழே எண்பத்திரண்டு பேர் சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த எண்பத்திரண்டு பேர் யார் யார்? அவருக்கு ஒருவரையும் தெரியாது.

"ஊருக்கெல்லாம் கதவைத் திறந்து வச்சது நானு. அந்த மாடி வீட்டு மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டேனே..." என்று செருப்பைக் கழற்றினார். "மன்னிச்சிடும்மா. எல்லாத்தையும் அழிச்சிடறேன். இனிமே உன்னைப் பத்தி ஒரு வரி எழுத மாட்டேன். சத்தியம்."

அப்போதே உட்கார்ந்து அழித்தார். மகளைப் பற்றி மட்டும் முந்நூற்றுச் சொச்சம் பதிவுகள். ஒவ்வொன்றாகப் போகப்போக, மகள் மெல்ல அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

சனிக்கிழமை வந்தது. கடை அரை நாள்தான். மதியமே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். லென்ஸ் தேய்ப்பதைப் பற்றி நாலு வரி எழுதினார். அவருக்கே கொட்டாவி வந்தது. மழையைப் பற்றி இரண்டு வரி. அதுவும் நனைந்த தீக்குச்சிபோலப் பற்றவில்லை. மணி நாலாயிற்று, ஐந்தாயிற்று.

‘பட்டாணி அப்பா, இந்த வாரம் பதிவு எங்கே?’ என்று மூன்று பேர் கேட்டாயிற்று. தினம் ஆயிரத்தைத் தொடும் வாசகர் எண்ணிக்கை பன்னிரண்டில் நின்றது. ஒரு வாரம் தவறினால் எல்லோரும் தன்னை மறந்துவிடுவார்களோ? மறுபடி எண்ணிக்கையைப் பார்த்தார், பன்னிரண்டேதான்.

அடுத்த அறையில் மகள் தோழியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா எல்லாத்தையும் அழிச்சிட்டார்டி. சத்தியமே பண்ணிட்டார். இப்பதான் எனக்கு நிம்மதியா தூக்கம் வருது."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன தங்கமான பெண்! நெஞ்சு விம்ம, விரல்கள் தாமாகவே ஓடின. ஒன்பது வருஷத்தில் இப்படி அவர் எழுதியதே இல்லை. அரை மணியில் முடித்து, வலையேற்றிவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

தலைப்பு: ‘பட்டாணிக்கு நான் செய்து கொடுத்த சத்தியம்.’