மாப்பிள்ளைக்கு ஒரு போன்

"தம்பிங்க, அந்தப் புதுப் போனு எப்பங்க வெளிய வருது?"

முட்டை அட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ராசாத்தி கேட்டதும் கௌசிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்றும் இதையேதான் கேட்டாள். அந்தப் போனுக்காகத் தன்னைவிட அதிகமாகத் தவிக்கிற ஓர் ஆள், தன் கோழிப்பண்ணையிலேயே முட்டை பொறுக்கிக்கொண்டிருப்பாள் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

"வர்ற வெள்ளிக்கிழமைங்க்கா. நானும் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

அது உண்மைதான். கையிலிருந்த போனே போன வருஷம் வாங்கியது. ஆனால் புதியதைப் பற்றி என்ன செய்தி வந்திருக்கிறது என்று பார்க்காமல் அவனால் ஒரு வாய் சோறுகூட நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை.

"வெள்ளிக்கிழம உறுதிதானுங்களா? போன மாசமும் இப்படித்தான் சொன்னீங்க."

"கம்பெனிக்காரன் தள்ளிப் போட்டா நான் என்னங்க்கா பண்றது? ஆமா, பட்டன் போனு வெச்சிருக்கற உங்களுக்கு அது எதுக்கு?"

ராசாத்தி தரையைப் பார்த்தாள்.

"எம் புள்ள தேவிப்ரியாவுக்கு நிச்சயம் வெக்கோணுங்க. அந்தப் போனு வந்தாத்தான் வெக்க முடியும். ஆவணியத் தாண்டப்படாதுன்னு மாப்பிள்ளை ஊட்ல நிக்கறாங்க. அப்பறம் புரட்டாசி வந்துருதுங்களே. இந்த மாசம் முடியலீன்னா வேற எடம் பாத்துக்கறோம்னுட்டாங்க."

கௌசிக்குக்குச் சுருக்கென்றது. மேலே எதுவும் கேட்காமல் நேராக வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னான்.

"போனு வந்தாத்தான் நிச்சயமாமா?" காளியாத்தாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஊரு ஒலகத்துல பவுனு கேட்டாங்க, வண்டி கேட்டாங்க. இப்பப் போனுமா? அந்தப் பையன் என்னடா பண்றான்?"

"போர் போடற ரிக் வண்டியில ஓடறான்மா."

"பூமியத் தோண்டறவனுக்கு அத்தன ஒசந்த போனு எதுக்குடா? பாவம், அந்தப் புள்ள ஓசூர்ல ஏதோ கம்பெனியில கால் வீங்க நின்னு வேலை செய்யுது. பொங்கலுக்கு வந்ததோட சரி, மொகத்தையே காணோம்."

தேவிப்ரியா இந்தப் பண்ணை வேப்பமரத்தில் கட்டிய தூளியில் கிடந்து வளர்ந்தவள். அவள் கல்யாணம் ஒரு போனில் தொங்குகிறது என்பதைக் காளியாத்தாளால் பொறுக்க முடியவில்லை. அந்த முகம் தெரியாத மாப்பிள்ளையை அன்று முழுக்கத் திட்டித் தீர்த்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அறிமுக விழாவை நேரலையில் காட்டினார்கள். கௌசிக் தீவன மூட்டை மேல் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தான். ராசாத்தி வேலையை விட்டுவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். மேடையில் யாரோ இங்கிலீஷில் பேசிக்கொண்டே போனார். அவள் முந்தானை நுனியை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"வந்துருச்சுங்க்கா. இன்னைக்கே புக்கிங் ஆரம்பம்."

ராசாத்தி திருச்செங்கோட்டு மலை இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். "எப்படியோ வந்துருச்சு சாமி. இனி எம் புள்ளைக்கு நல்லது நடந்துரும்."

"இன்னொரு விசேஷங்க்கா. இந்தத் தடவ நம்ம நாட்ல மட்டும் இல்ல. ஜெர்மனி, பிரேசில், துபாய்னு நாப்பது நாட்டுக்கு அனுப்பறானாம்."

கும்பிட்ட கைகள் அப்படியே இறங்கின.

"நாப்பது நாட்டுக்குங்களா? இங்க வித்தாப் போதாதுங்களா?"

"எங்க வித்தா நமக்கென்னங்க்கா? நமக்கு இங்க கெடைக்குதுல்ல."

ராசாத்தி வேலைக்குத் திரும்பினாள். அன்று சாயங்காலம் முட்டை அட்டைகளைக் கட்டுவதும், சரியில்லை என்று அவிழ்ப்பதும், மறுபடி கட்டுவதுமாக இருந்தாள். வாசலில் இருந்து பார்த்த காளியாத்தாளுக்கு அது தாங்கவில்லை.

"கௌசிக்கு, அவ மொகத்தப் பாத்தியா? காத்திருந்தவன் பொண்டாட்டிய நேத்து வந்தவன் கொண்டுபோன கதையா, வெளிநாட்டுக்காரனே எல்லாத்தையும் வாங்கிட்டா இங்க தீந்துருமுன்னு பயந்து கெடக்கறா. உனக்கு ஒண்ணு, அந்தப் பையனுக்கு ஒண்ணு, ரெண்டாப் புக் பண்ணிரு. தாய்மாமன் இல்லாத புள்ள. நம்ம சீரா இருக்கட்டும்."

கௌசிக்கும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான். உடனே இரண்டு புக் பண்ணினான்.

மறுநாள் காலையில் ராசாத்தி பண்ணைக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். பட்டன் போனில் பேசி முடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. காளியாத்தாள் மகனையும் கூட்டிக்கொண்டு அவளிடம் போனாள்.

"ராசாத்தி, இனி ஒண்ணுக்கும் கலங்காத. மாப்பிள்ளைக்கும் சேத்து ரெண்டு போனாப் புக் பண்ணியாச்சு. நீ போயி நாளக் குறி."

ராசாத்தி ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளைக்கு எதுக்குங்கம்மா போனு? அவங்க ஒரு குண்டூசி கூடக் கேக்கலீங்களே."

"அப்பறம் போனு வந்தாத்தான் நிச்சயம்னு சொன்னே?"

"ஓசூர்ல அந்தப் போனுக்குக் கண்ணாடி ஒட்டறதே எம் புள்ள தானுங்கம்மா. புக் பண்ணுனதையெல்லாம் அனுப்பி முடிக்கற வரைக்கும் யாருக்கும் லீவு இல்லைன்னுட்டாங்களாம். நாப்பது நாட்டுக்காரங்கதான் வாங்கறாங்கன்னா, நீங்களும் இப்படி ரெண்டு ரெண்டாப் புக் பண்ணுனா அவ எப்பங்க ஊடு வந்து சேருவா?"