எதுவும் ஒட்டாத கோப்பை

எச்சில், கறை, கிருமி எதுவுமே ஒட்டாத புதுப் பூச்சாம், கழுவவே வேண்டாமாம். ஆறு பீங்கான் கோப்பைகளை வாங்கிவந்து, வத்சலா தெருவெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

ஆனாலும் வீட்டுவேலை செய்யும் பவுனம்மாவுக்கென்று ஒன்றை ஒதுக்கி, அடியில் நெயில் பாலிஷால் சிவப்புப் புள்ளி வைத்தாள். எதுவுமே ஒட்டாத கோப்பையில் அது மட்டும் ஒட்டுமா? பவுனம்மா காபி குடித்து முடிப்பதற்குள் உதிர்ந்துவிட்டது.

"உன் கப்பு எது?" என்று பதறினாள் வத்சலா.

"கழுவ வேணாம்னீங்களேம்மா, எல்லாத்தோடயும் சேத்து அடுக்கிட்டேன். இப்ப எதுன்னு கேட்டா?"

அன்று மாலை, விஞ்ஞானம் பேசிய அந்த வீட்டில் எல்லோரும் மறுபடி எவர்சில்வர் டம்ளரில் குடித்தார்கள். ஆறு கோப்பைகளும் பவுனம்மாவுக்கே தானமாயின.

வீட்டுக்குக் கொண்டுபோனவள், பிள்ளைகளிடம் கொடுக்குமுன் ஒவ்வொன்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள்.

"கண்டவங்க வாய் வச்சது."