கோபத்தின் முழு உரிமை

விங் கமாண்டர் தனுஷ்கோடியின் கோபம் எண்பது லட்சத்துக்குப் படிந்தது. நாற்பது லட்சத்தில் பேரம் ஆரம்பித்த விமானத் தயாரிப்புக் கம்பெனியை அந்த விலைக்கு நகர்த்தியவள் அவர் மனைவி மரகதம்.

பயிற்சி ஜெட்டின் பின் இருக்கையில் முப்பது வருடம் உட்கார்ந்து மாணவர்களைத் திட்டியவர் அவர். கம்பெனியின் புதிய ரகத்தில் பின் இருக்கையே கிடையாது. பதிவு செய்த அவர் குரலில் விமானமே திட்டும். கடற்படை ரகம் அலையை மீறித் திட்டும். ஏற்றுமதி ரகம் ‘சார்’ போட்டுத் திட்டும். ஆளில்லாத ரகம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு தரையிறங்கும். சில்லறைக்கு அலைவானேன் என்று எல்லா ரகத்துக்கும் மரகதம் மொத்த விலை பேசிவிட்டாள். ஒரே நிபந்தனை, அந்தக் கோபம் இனி கம்பெனிச் சொத்து. வெளியே ஒரு தடவை கத்தினாலும் ஐந்து லட்சம் அபராதம். ஒட்டுக்கேட்க அவர் சட்டையில் ஒரு பொத்தான் தைத்திருந்தார்கள்.

வந்த பணத்தில் கார் வாங்கினார்கள். ஞாயிறு காலை தாம்பரம் வீட்டுத் தெருவில் மரகதம் ஓட்டிப் பழகினாள். எதிர்வீட்டுச் சுவர் நெருங்கி வந்தது.

“மரகதம், சௌகரியப்பட்டா பிரேக்கை மிதிக்கலாமே,” என்றார் தனுஷ்கோடி, கழுத்து நரம்பு புடைக்க.

“பிரேக்கு எதுங்க?”

“நடுவில இருக்கும்மா. அவசரமில்லை.”

சுவர் விழுந்தது. அவர் வாயைத் திறந்தார். மரகதம் எட்டி அதைப் பொத்தினாள்.

“கத்தாதீங்க. சுவருக்கு எழுபதாயிரம், பம்பருக்கு முப்பதாயிரம், ஆக ஒரு லட்சம். கத்தினா அஞ்சு. நாலு லட்சம் நமக்கு மிச்சம்.”

பொத்திய கைக்குள் உதடு அசைய அவர் கூட்டிப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.