தூணோரத்துப் பச்சைப் புடவை

மாப்பிள்ளை நெற்றியில் பட்டையோடு பந்தலுக்குள் நுழைந்தார். மணவறையில் உட்கார்ந்தபோது அது நாமமாகியிருந்தது.

இருபத்து மூன்றாவது பிழை. ஹேமந்த் குறித்துக்கொண்டான்.

சினிமாவில் தப்பு கண்டுபிடிப்பதுதான் அவன் நடத்தும் சேனல். பெயர் ‘ஆறுவிரல் ஹேமந்த்’. வலது கையில் கட்டைவிரலை ஒட்டி முளைத்திருக்கும் குட்டி விரலால்தான் ஒவ்வொரு தப்பையும் தொட்டுக் காட்டுவான். அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் இருக்கிறது.

இன்றைக்கு எடுத்துக்கொண்டது இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு கல்யாண காமெடிப் படம். பிழைகளுக்குப் பஞ்சமே இல்லை. பத்திரிகையில் ஆடி பன்னிரண்டு முகூர்த்தம். ஆடியில் எவன் கல்யாணம் வைப்பான்? கதை நடப்பது கும்பகோணத்தில். பந்தலுக்குப் பின்னால் கடல் அலையடிக்கிறது.

அது சதுரங்கப்பட்டினத்துக் கடல். ஹேமந்தின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

கல்யாணக் கூட்டமாக நிற்க சுற்றுவட்டாரத்திலிருந்து லாரி லாரியாக ஆள் பிடித்தார்களாம். அவன் அம்மா ஜெனிட்டாவும் போனாளாம். தாலி கட்டும் காட்சியில் தூணோரமாக, பச்சைப் புடவையில், வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும் கர்ப்பிணி தான்தான் என்பாள். முகத்தில் பாதியைத் தூண் மறைத்திருக்கும். என் பையனும் இதில் நடித்திருக்கிறான் என்று கேட்பவர்களிடமெல்லாம் சேர்த்துச் சொல்வாள்.

போன கிறிஸ்துமஸுக்குப் படாளத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் ஹேமந்த் அம்மாவையும் ஆராய்ந்தான்.

பழைய பேட்டி ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தான். அக்டோபரில் கூட்டத்தை ஒருநாள் எடுத்ததுமே புயலில் பந்தல் பறந்துவிட்டது. தாலி கட்டும் காட்சியை டிசம்பரில்தான் எடுத்தார்கள். அவன் பிறந்ததோ நவம்பரில். டிசம்பரில் அம்மாவுக்கு ஏது வயிறு? அது வேறு யாரோ என்று முடித்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜெனிட்டா பிரியாணிச் சட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் படத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. தான் சொன்னது சரிதானே என்று ஹேமந்தும் விட்டுவிட்டான். ஆனாலும் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

இப்போது படத்தின் தெளிவான பிரதி வந்திருக்கிறது. தூணில் சுற்றிய வண்ணத்தாளின் கிழிசல்கூடத் தெரிகிறது.

கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை பறந்தது. அந்தப் பெண் யாரென்றாவது பார்த்துவிடலாம் என்று தூணோரத்தைப் பெரிதாக்கினான்.

பச்சைப் புடவையின் வயிறு அசைந்தது.

நிறுத்தினான். பின்னால் ஓட்டினான். ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினான்.

முந்தானை மடிப்பு விலகியது. உள்ளேயிருந்து ஒரு கை வெளியே வந்தது. எலுமிச்சம்பழம் அளவுகூட இல்லாத கை. மூடியிருந்த விரல்கள் மேளச் சத்தத்தில் திடுக்கென்று விரிந்தன.

பொம்மையின் கை என்றுதான் முதலில் நினைத்தான். விரல்களை எண்ணினான்.

ஆறு.

மவுஸ் மேலிருந்த தன் கையைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான்.

அடுத்த பிரேம்களில் அந்தப் பெண் மணமக்களிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிரித்த முகமும் மாறவில்லை. ஒரு கையால் அட்சதை தூவிக்கொண்டே, இன்னொரு கையால் அந்தப் பிஞ்சுக் கையை முந்தானைக்குள் மெல்லத் தள்ளி மூடினாள்.

மொத்தம் இரண்டு நொடி. எத்தனையோ முறை டிவியில் ஓடியும் ஒருவர் கண்ணிலும் படாத இரண்டு நொடி.

எவ்வளவோ பெரிய நடிகர்களையெல்லாம் பிடித்து மாட்டிவிட்டவன் ஹேமந்த். இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை. தப்பு தேடுவதையே மறந்து, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமல்லபுரத்து ரிசார்ட்டில் காலை ஷிப்ட் முடிந்து ஜெனிட்டா வந்தாள். கைப்பையை வைக்கக்கூட விடாமல் அவளைத் திரைமுன் உட்கார வைத்தான்.

அவள் நெடுநேரம் பார்த்தாள். மாட்டிக்கொண்டது தெரிந்ததும் சிரித்துவிட்டாள்.

“அதே வயிறு இருந்தாத்தான் சீன் ஒட்டும்னு கேசவண்ணன் தலகாணி குடுத்தாரு. இருவது நாள் புள்ள உன்ன யாராண்ட வுட்டுட்டு நிக்கிறது? தலகாணிய தூக்கிப் போட்டுட்டு உன்னியே கட்டிக்கினு நின்னுட்டேன்.”

கேசவன் அந்தப் படத்தின் உதவி இயக்குநர். போன தடவை நின்ற ஆள் அதே புடவையில் அதே இடத்தில் நிற்கிறாரா என்று பார்ப்பது அவர் வேலை. காட்சி முடிந்த பிறகுதான் முந்தானைக்குள் இருந்ததைப் பார்த்தார். டைரக்டருக்குத் தெரிந்தால் தன்னைத் துரத்திவிடுவார், யாரிடமும் மூச்சு விடாதே என்று கையெடுத்துக் கும்பிட்டாராம்.

அவருக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் கிறிஸ்துமஸ் அன்று அத்தனை பேர் சிரித்தும் வாயை மூடிக்கொண்டு சட்டி கழுவப் போயிருக்கிறாள்.

ஜெனிட்டா திரையிலிருந்த குட்டிக் கையைத் தன் உள்ளங்கையால் மறைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இத மட்டும் போட்டுடாதடா. பாவம், அந்தாளு வேல பூடும்.”

அன்று மாலை அவன் போட்ட வீடியோவில் இருபத்து மூன்று பிழைகள்தான் இருந்தன.

சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் மட்டும், அது அம்மாதான், நான் சொன்னதுதான் தப்பு என்று எழுதினான். டிசம்பரில் எப்படிடா வயிறு இருந்தது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஆதாரம் எங்கே என்று சிரித்தார்கள்.

ஹேமந்த் போனைக் கவிழ்த்து வைத்தான். எழுந்து போய்ச் சட்டிகளைக் கழுவ ஆரம்பித்தான்.